பெயர் சொல்ல வந்தவன்

"சொல்லிப்போடுறன், ஐயா. கதவை மட்டும் சாத்துங்கோ."

சின்னராசா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். நிலையப் பொறுப்பாளர் தர்மகுலசிங்கம் கதிரையை விட்டு எழும்பி, தன் கையாலேயே கதவைச் சாத்தினார். கொழும்பிலிருந்து வந்த இந்தப் பத்து நாளில், ஒரு கூலியாளுக்காக அந்த மனிதர் எழும்பியது அதுதான் முதல் தடவை.

வவுனியா விமானத் தளத்தில் பெட்டி இறக்குகிறவன், எண்ணெய்ப் பீப்பா உருட்டுகிறவன், ஓடுபாதையில் மேய்கிற மாட்டைக் கலைக்கிறவன் எல்லாருமே அவருக்கு "டேய்"தான். ஆட்களின் பெயர் இடாப்பை ஒரு நாளும் விரித்துப் பார்த்ததில்லை. எத்தனை தலை என்றும் எண்ணியதில்லை. இப்போது பாருங்கள், அந்தப் பெயர்களுக்காகவே ஒரு நாட்கூலிக்காரனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைநாட்டுப் போடமட்டும் தெரிஞ்ச கூட்டத்துக்குச் சங்கம் ஒரு கேடு! ஆர் ஆர் சேர்ந்தவங்கள்? சொல்லு. இண்டைக்கே கலைக்கிறன். உனக்கு நிரந்தர வேலைக்குக் கடிதம் தாறன். உன்ர பேர் எங்கையும் வராது."

சின்னராசா எவ்வளவு கழுவியும் போகாத நீல மைக் கறை பட்ட பெருவிரலைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டு நின்றான்.

 வீட்டில் பெண்சாதி விமலேஸ்வரிக்கு நிறைமாதம். கண்டாவளைக் காணியில் இரண்டு போகம் பொய்த்துப் போய்த்தான் இந்த வேலைக்கு வந்தவன். இதுவும் போனால் அவளோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

ஆனால் கண்ணை மூடினால் மயில்வாகனம் அண்ணைதான் வந்து நின்றார். போன மாதம் விமானத்தின் வாசலிலிருந்து பெட்டியோடு விழுந்து முதுகு முறிந்த மனிதர். "நாட்கூலிக்காரனுக்குக் கொம்பனி பொறுப்பில்லை" என்று சொல்லி மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். விழுந்தது மத்தியானம் என்பதால் அரைநாள் கூலியையும் வெட்டினார்கள், பாவிகள்!

அந்த வண்டிக்குப் பின்னால் வீடுவரை நடந்து போனவன் சின்னராசா. அன்றைக்கு அந்த வாசலில் நின்றது தானாக இருந்திருந்தால் விமலேஸ்வரியின் கதி என்ன என்று வழிநெடுக நினைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகுதான் சங்கப் பேச்சுக் கிளம்பியது. அதை நசுக்கத்தான் பழைய பொறுப்பாளரை மாற்றி இவரை அனுப்பியிருந்தார்கள்.

"என்னடா யோசிக்கிறாய்? பிளேன் வாற நேரமாச்சு."

"அவையளும் பிள்ளைகுட்டிக்காரர், ஐயா..."

"நீ உன்ர பிள்ளையைப் பார். மற்றவன் எக்கேடு கெட்டால் உனக்கென்ன?"

சின்னராசா யன்னலால் பார்த்தான். வெளியே பாலைமரத்தடியில் வேலையாட்கள் எல்லாரும் குந்திக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. தான் வாயைத் திறந்தால் இன்றைக்கு எத்தனை வீட்டில் உலை ஏறாமல் போகுமோ என்று அவனுக்குப் பதறியது. முருகா, இது பிழையாய்ப் போனால் அந்தச் சனத்தின் முகத்தில் எப்படி முழிப்பது?

"கனகலிங்கம்," என்றான்.

பொறுப்பாளரின் பேனை ஓடியது. "ம், அடுத்தது?"

"கலந்தர். மீராசாகிபு."

"அப்படிச் சொல்லு! பிறகு?"

"ஐயாத்துரை அண்ணை." அந்தப் பெயரில் அவன் குரல் உடைந்தே போயிற்று. பட்டினி கிடந்தவனைக் கூட்டிவந்து இந்த வேலையில் சேர்த்துவிட்டதே ஐயாத்துரைதான்.

"சீ, என்னத்துக்கு அழுகிறாய்? நல்ல காரியம்தானே செய்யிறாய். சொல்லு, சொல்லு."

பட்டியலில் பாலன் வந்தான். நடராசா வந்தான். விமானத்துக்குள் கூட்டித் துடைக்கிற இராசேஸ்வரியின் பெயரும் வந்தது.  ஒவ்வொரு பெயருக்கும் பொறுப்பாளரின் முகம் கலியாண வீட்டுக்காரரின் முகம்போல மலர்ந்துகொண்டே போயிற்று. பதினான்காவது பெயரோடு சின்னராசா நிறுத்தினான்.

பொறுப்பாளர் அடியில் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்து வைத்தார். வைத்த கையோடு கதவைத் திறந்து, பாலைமரத்தடிக்குக் கேட்கும்படி அந்தப் பதினான்கு பெயரையும் உரக்க வாசித்தார்.

"இவ்வளவு பேருக்கும் இந்த நிமிசத்திலை இருந்து இஞ்சை வேலை இல்லை. வீட்டை போகலாம்!"

 தெற்குப் பக்கம் விமானத்தின் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. ஓடுபாதையின் நடுவில் ஏழெட்டு மாடுகள் ஆறுதலாக மேய்ந்துகொண்டு நின்றன.

பொறுப்பாளர் கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு சின்னராசாவின் பக்கம் திரும்பினார். "சனியன் ஒழிஞ்சுது. இனிச் சங்கத்திலை சேராத ஆக்களை வைச்சுப் பிளேனை இறக்குவம். ஆர் ஆர் அவங்கள்? கெதியாய்க் கூப்பிடு!"

சின்னராசா கண்ணைத் துடைத்தான். 

"நீங்கள் ஒராள்தான், ஐயா."