விமானம் விழுந்த இடம்

“அதோ, அங்கதான் சார் வுழுந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

காந்திமதி கையை நீட்டிக் காட்டிய இடத்தில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. அதற்கு நேர் எதிரே, கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஏரிக்குள்ளேயே கால் வைத்து நின்றது சிட்டிபாபுவின் மதில் சுவர்.

விங் கமாண்டர் ராஜகோபாலன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தாம்பரத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் இந்த ஏரியில் விழுந்து இன்றோடு மூன்று நாள். ஓட்டிய இருவரும் பாராசூட்டில் குதித்துப் பிழைத்துவிட்டார்கள், விமானம்தான் அகப்படவில்லை. ஏரி என்று பேர்தானே தவிர, மண்ணை அள்ளி அள்ளி நாற்பது அடிப் பள்ளங்களாக்கி வைத்திருந்தார்கள். சேற்றுக்குள் இறங்கிய டைவர்களுக்குத் தங்கள் கையே தெரியவில்லை.

“மதகுப் பக்கம் விழுந்ததுன்னு சொன்னாங்களேம்மா? ரெண்டு நாளா அங்கதான் தேடுறோம்.”

“தேடி, கெட்ச்சிதா சார்?”

அதற்குள் சிட்டிபாபு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தார். மண் லாரியில் ஆரம்பித்து மனை விற்பனை வரைக்கும் வளர்ந்தவர். இரும்புலியூர்ப் பக்கம் அவரைக் கேட்காமல் ஒரு கம்பம் நடமாட்டார்கள்.

“சார், இது பேச்ச நம்பாதீங்க. இதுக்கு எம்மேல காண்டு. பிளேன் மதகாண்டதான் வுழுந்துச்சு, ஊரே பாத்துச்சு. கிரேன் இங்க வரணும்னா என் செவுத்த இடிக்கணும். அதான் இதோட பிளானு!”

காண்டு என்னவோ உண்மைதான். நாலு வருஷத்துக்கு முன்னால் காந்திமதியின் புருஷன் கதிரேசன், சிட்டிபாபுவிடம் குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் வண்டியும் இல்லை, அவனும் இல்லை. வண்டியைத் திருடிக்கொண்டு எவளோடோ ஓடிவிட்டான் என்று சிட்டிபாபு புகார் கொடுத்தார். அன்றிலிருந்து காந்திமதிக்குத் தெருவில் ‘திருடன் பொண்டாட்டி’ என்று பெயர். அவள் குடியிருந்த குடிசையையும் பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தையும் வளைத்துத்தான் இந்தச் சுவர் எழும்பியது.

மூன்றே மாதத்தில் காந்திமதி பொட்டை அழித்தாள், மெட்டியைக் கழற்றினாள். ஓடிப்போனவன் மேல் அவ்வளவு ஆத்திரம் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பேசினால் பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

“நிச்சயமாப் பார்த்தீங்களாம்மா?” என்றார் ராஜகோபாலன். “கிரேனை இங்க கொண்டு வர்றதுக்கே பாதி நாள் போயிடும்.”

“தலகீழா வந்து மூக்கு குத்துனாப்ல உள்ள போச்சு சார். தண்ணி அந்தத் தென்ன மரம் ஒசரத்துக்கு எயும்பிச்சு.” கண்ணை இமைக்காமல் சொன்னாள்.

அவர் சுவரைப் பார்த்தார், சிட்டிபாபுவைப் பார்த்தார். “இந்த இடத்துக்குப் பட்டா இருக்கா?” என்று கேட்டார். சிட்டிபாபு தூக்கிப் பிடித்திருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

பதினோரு மணிக்குப் பொக்லைன் வந்தது. சுவர் பொலபொலவென்று சரிந்தபோது காந்திமதிக்கு வயிறு குளிர்ந்தது. இடி, இன்னும் இடி என்று உள்ளுக்குள் கத்தினாள்.

ஆனால் சிட்டிபாபு சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செவுரு போனா போவுது சார்,” என்றார். “இங்க எறங்காதீங்க. ஒரே சுழலு. ஆளு செத்துடுவான், பேஜாராயிடும்.”

“இன்னாண்ணா, உனுக்கு இப்பதான் ஆளுங்க மேல அக்கற வந்துச்சா?” என்றாள் காந்திமதி.

படகிலிருந்த, உலோகம் தேடும் கருவி விடாமல் கத்த ஆரம்பித்தது. டைவர் உள்ளே போனார். ஐந்து நிமிஷம் கழித்துத் தலையை வெளியே நீட்டிக் கட்டை விரலை உயர்த்தினார்.

“பெரிய மெட்டல் சார்! சேத்துல சொருகியிருக்கு. ஹூக் மாட்டிட்டேன்.”

கரையில் நின்ற கூட்டம் கைதட்டியது. “ரொம்ப தேங்க்ஸ்ம்மா,” என்று ராஜகோபாலன் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். காந்திமதி சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கிரேன் முனகிக்கொண்டே இழுத்தது. முதலில் கரிய சேறு வந்தது. பிறகு ஆகாயத்தாமரை வேர்க் கொத்து. பிறகு ஒரு சின்னச் சக்கரம். விமானத்துச் சக்கரம் இல்லை.

துருப்பிடித்த குட்டியானை வண்டி ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தரத்தில் தொங்கியது. ஓட்டுகிற இருக்கையில், காக்கிச் சட்டைக்குள் எலும்புக்கூடாக ஒருவன். ஸ்டியரிங்கோடு சேர்த்து நைலான் கயிற்றால் அவனை இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

கூட்டத்தில் நழுவப் பார்த்த சிட்டிபாபுவின் தோளைப் பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ்காரர் பிடித்து நிறுத்தினார்.

“நல்லா பாத்துக்குங்க!” காந்திமதி தெருக்காரர்களைப் பார்த்துக் கத்தினாள். நாலு வருஷ அழுகை அப்போதுதான் உடைந்து வந்தது. “எங்க வூட்டுக்காரு வண்டியத் திருடல. எவ கூடயும் ஓடல. இதோ கீறாரு! இவங்கூட நின்னு வண்டிய ஏரில தள்ளுனவனே மூணாம் மாசம் குடிச்சிட்டு எங்கிட்ட ஒளறினான் சார். நானும் ஏறாத ஆபீஸ் இல்ல, வுழாத காலு இல்ல. ஒரு டிரைவருக்கோசரம் ஏரில எறங்க முடியாதுன்ட்டாங்க.”

ராஜகோபாலன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அப்ப விமானம் எங்கேம்மா விழுந்தது?”

“எனுக்கு இன்னா சார் தெரியும்? அன்னிக்கு நான் குரோம்பேட்டைல பாத்திரம் தேச்சிகினு இருந்தேன்.”