மூன்று முறை காதில்

குழந்தை பிறக்கும் முன்பே, வீடு முதல் பள்ளி வரை எல்லாவற்றையும் நடத்தும் அறிவு இணையம் அவளுக்கு நிவிஷா என்று பெயர் வைத்து, பள்ளிக்கூடத்தில் இடமும் பிடித்துவிட்டது. பெற்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனைக்கும் அந்த இணையத்தை உருவாக்கிய நால்வரில் தமயந்தியும் ஒருத்தி. இப்போது அவள் பேச்சு அதனிடம் எடுபடுவதில்லை.

பெயர் சூட்டும் நாளில் அவள் மகளைத் தொட்டிலிலிருந்து தூக்கினாள்.

"வேணாம்மா, வேற பேர் வெச்சா ஸ்கூல்ல சேத்துக்காது" என்று கெஞ்சினான் கணவன் குமணன்.

தமயந்தி உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு, குழந்தையின் காதில் ஒரு பெயரை மூன்று முறை சொன்னாள். பக்கத்தில் நின்ற குமணனுக்கே கேட்கவில்லை.

"என்ன பேர் சொன்னீங்க?" என்றது சுவர். ஃப்ரிட்ஜும் கேட்டது. வாசல் மணியும் கேட்டது.

"எல்லாத்துக்கும் பதில் சொல்லத்தானே உன்னைச் செஞ்சேன்?" என்றாள் தமயந்தி. "எங்க, நீயே சொல்லு பாப்போம்!"