ஓட்டையில்லாத வாளி

செண்பகவல்லியின் மொட்டை மாடியில் தக்காளிச் செடி புது வாளியில் இருந்தது. மிளகாய்ச் செடிக்கு வாய்த்ததோ விரிசல் விட்ட மண்தொட்டி. வாளியின் அடியில் ஓட்டை கிடையாது. ஊற்றிய தண்ணீரெல்லாம் வேரிலேயே தேங்கியது.

தக்காளியின் இலைகள் பழுத்தன. "ஐயோ, தாகம் போல" என்று அவள் இன்னும் இரண்டு செம்பு ஊற்றினாள்.

"போதும்னு சொல்லேன்" என்றது மிளகாய்.

"இவ்வளவு ஆசையா ஊத்துறவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

சுத்த வாயில்லாப் பூச்சி என்று மிளகாய் நினைத்துக்கொண்டது.

நாலாம் நாள் தக்காளி அழுகிச் சாய்ந்தது. "எதிர்வீட்டுக்காரி கண்ணு பட்டுடுச்சு" என்று பிடுங்கி எறிந்தவள், மிளகாயைப் பார்த்தாள். "என் ராசாத்தி! உன்னைப் போய் ஒடஞ்ச தொட்டியில வச்சிருக்கேனே" என்று அதே வாளிக்கு மாற்றி, செம்பு செம்பாக ஊற்றினாள்.

மிளகாய் வாயைத் திறந்தது. அவள் அதன் இலையை ஆசையாகத் தடவினாள். அது வாயை மூடிக்கொண்டது.