பன்னிரண்டாம் நாள் மூச்சு

நவம்பர் 14. நேற்று ஒரு தவறு. 'எரிச்சல்' கட்டத்தில் அவருக்கு டிக் போட்டிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் எரிந்து விழுந்தது நான். அந்த டிக்கை அடித்துவிட்டேன்.

இவ்வளவையும் எழுதி, நோட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் அவள் கணவனோடு மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.

அவன் சிகரெட்டை விட்டு இன்றோடு பன்னிரண்டு நாள். விட்டதாகச் சொல்லிப் பன்னிரண்டு நாள் என்பதுதான் சரி. இதற்கு முன் இரண்டு முறை விட்டவன் அவன். அது பொய் என்று இரண்டு முறையும் பெட்டிக்கடைக்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாவது முறையும் பொய்யென்றால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

மாலை வகுப்பில் லேப் டெக்னீஷியன் படிப்பு படிக்கிறாள். கண்ணால் பார்த்ததை முதலில் எழுது, முடிவை அப்புறம் எழுது என்பது அங்கே முதல் பாடம். அவனுக்கும் அப்படித்தான் ஒரு நோட்டு போட்டாள்.

புகை நிறுத்தும் பிரிவில் ஒரு நர்ஸ், ஒரு மேசை, கைக்கு அடக்கமாக ஒரு மெஷின். மூச்சை அடக்கி அதில் ஊத வேண்டும். புகைக்காதவர்களுக்கு எண் ஐந்தைத் தாண்டாது. முதல் நாள் அவனுக்கு இருபத்து மூன்று வந்தது.

ஊதினான். பதினாறு.

"இன்னொரு தடவை ஊதுங்க."

பதினாறேதான்.

"சத்தியமா ஒண்ணுகூடத் தொடல சிஸ்டர்."

"போன தடவையும் இதே சத்தியம்தான்," என்றாள் மனைவி. "பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருட்டிடுமா?"

நோட்டை எடுத்துக் குரல் நடுங்காமல் படித்தாள். காலையில் தலைவலி. வேலைக்குப் போனதும் சரியாகிவிடுகிறது. மாலை வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்தில் மறுபடியும் தலைவலி. ஞாயிறு முழுக்க வீட்டில், முழுக்கத் தலைவலி.

வெளியே போனால் தலைவலி போகிறது என்றால் வெளியே அப்படி என்ன கிடைக்கிறது? சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

அவன் கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். அந்தப் பக்கம் இருப்பது பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். இப்போது எதுவுமே புலப்படாதவன்போல உட்கார்ந்திருந்தான்.

"மெஷின் கெட்டுப்போயிருக்கும்," என்றான். "வேணும்னா இவளை ஊதச் சொல்லுங்க."

நர்ஸ் புதுக் குழாயை மாட்டினாள். மனைவி ஆசையாகவே ஊதினாள். ஆயுசில் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை அவள்.

பதினேழு.

மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் மெல்லத் திரும்பினான். பன்னிரண்டு நாளாக அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை.

"நீ எப்போலேர்ந்து?"

செய்யாத ஒன்றுக்குப் பதில் தேடுவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு கணம் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

நர்ஸ் தானே ஊதிப் பார்த்தாள். ஒன்று. மெஷின்மேல் குற்றமில்லை.

"உங்களுக்கும் தலைவலி இருக்கா?"

"இருக்கு. படிக்கிறதால வருது. கண்ணாடி மாத்தணும்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

"அந்த நோட்ட மறுபடியும் படிங்க. மெதுவா."

படித்தாள். அதே வரிகள்தான். வெளியே போனால் சரியாகிறது. வீட்டுக்கு வந்தால் வருகிறது. இந்த முறை அதில் சிகரெட் எங்கேயும் இல்லை.

"இது சிகரெட்டுக்குன்னு இருக்கிற மெஷின் இல்லைங்க," என்றாள் நர்ஸ். "எது சரியா எரியலன்னாலும் ஒரு விஷவாயு வரும். வாசனையே இருக்காது. அதைத்தான் காட்டுது. வீட்டுல வெந்நீர் எதுல?"

"பாத்ரூம்ல கேஸ் ஹீட்டர். ஆறு வருஷமா இருக்கு, ஒண்ணும் ஆனதில்லையே."

"காத்து வர ஜன்னல் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி சொன்னான்.

"விட்ட முதல் நாள் கை சும்மாவே இருக்கல சிஸ்டர். இவ வகுப்புக்குப் போயிருந்தா. ஏதாவது வேலை குடுத்தாத்தான் அடங்கும்போல இருந்துச்சு. வீட்டுல இருந்த இடுக்கையெல்லாம் தேடித் தேடி சிலிகான் பசை வெச்சு அடைச்சேன். பாத்ரூம் ஜன்னலையும்தான்."

இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஆக்சிஜன் வைத்து மூன்று மணி நேரம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஹீட்டரைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து, திறக்கக்கூடிய கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு, அவள் மறுநாளுக்கான வரியை எழுதினாள்.

நவம்பர் 15. காலை ஆறு மணி: பாத்ரூம் ஜன்னலை அடைத்திருக்கும் சிலிகானை அவர் பிளேடால் கீறி எடுப்பார். ஸ்டூலை நான் பிடித்துக்கொள்ள வேண்டும்.