அமைச்சரின் துண்டு

நையாண்டி நிகழ்ச்சியில் இளம்பரிதி அமைச்சரைப் போலவே துண்டை உதறித் தோளில் போட்டு, அவர் குரலிலேயே பேசினால் பார்ப்பவர்கள் சிரித்து உருளுவார்கள். போட்டிச் சேனலில் இதே மாதிரி நிகழ்ச்சி நடத்தும் ரெஜினா நடிக்க மாட்டாள். அமைச்சர் போன வருடம் பேசியதையும் இந்த வருடம் பேசியதையும் அடுத்தடுத்து ஓட்டிவிட்டு, கேமராவையே பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பாள். சிரிப்பு வரும், கூடவே வயிறு எரியும்.

திங்கட்கிழமை கேபிளில் அவளுடைய சேனலைக் காணோம். அன்றே இளம்பரிதியின் ஸ்டுடியோவுக்கு அமைச்சரின் உதவியாளர் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே அமைச்சர் போட்டுப் பழகிய துண்டு, ஜவ்வாது மணத்தோடு.

"ஐயா உங்க நிகழ்ச்சிய ஒண்ணு விடாம பாக்குறாரு தம்பி. வீட்டுல எல்லாரும் ஒரே சிரிப்பு. இனிமே இதையே போட்டுக்கிட்டுப் பண்ணச் சொன்னாரு."

"ரெஜினா நிகழ்ச்சியும் பாப்பாரா?"

"அதுல சிரிக்க என்னய்யா இருக்கு?"

இளம்பரிதி துண்டைத் தரையில் வீசினான். "எடுத்துக்கிட்டு வெளிய போய்யா" என்று கத்தினான். பழகிப்போன தொண்டையிலிருந்து அமைச்சரின் குரல்தான் வந்தது. உதவியாளர் முதலில் சிரித்தார். பிறகு மேக்கப் போடும் பெண், லைட் பிடிப்பவர், எல்லோரும். அவன் இன்னும் உரக்கக் கத்தினான்.

யாரோ கேமராவை ஓடவிட்டார்கள்.