கீரைக் குழம்பில் இரண்டு மாத்திரை

அம்மிக்கல்லில் சத்தம் வராமல் இரண்டு மாத்திரைகளையும் பொடித்து, கீரைக் குழம்பில் கொட்டிக் கலக்கினாள் புஷ்பலதா. புருஷன் மாதேஸ்வரன் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். பதினாறு வருஷமாக அவனுக்குச் சோறு போட்ட கை, கரண்டியை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியது.

காலையில் நர்ஸ் லூர்துசெல்வி கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள். போன மாதம் தலைச்சோலை முகாமில் அறுபது பெண்களுக்குச் சோதனை செய்ததில், ஒன்பது பேருக்கு ஒரு கிருமி இருந்தது.

"நீங்களும் அதுல ஒருத்தருங்க அக்கா. புருஷன் பொண்டாட்டி சேர்றதுல ஒட்டற கிருமி. ரெண்டு பேருமே மாத்திரை முழுங்கோணும், இல்லீன்னா மறுக்கா வந்துரும். வாயெல்லாம் துருப்புடிச்ச மாதிரி இருக்கும், மூணு நாளைக்குத் தண்ணி போடக்கூடாது."

"அவருகிட்டச் சொன்னா, எவன்கிட்டப் போனேன்னு கேட்டு மலையடிவாரம் வரைக்கும் அடிச்சு முடுக்கி உட்டுருவாருங்க."

அவனைத் தவிர வேறு ஆளைத் தெரியாதவள் அவள். நினைக்க நினைக்கக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. தன் பங்கு மாத்திரையை அங்கேயே முழுங்கிவிட்டு, அவன் பங்கை மடியில் முடிந்துகொண்டு வந்தாள்.

இத்தனைக்கும் ஒரு வாரமாக மனுஷன் தங்கமாக இருக்கிறான். குடிப்பதில்லை. வெள்ளிக்கிழமை காப்பிகூட அவனே போட்டுக் கொடுத்தான், கல்யாணமானதிலிருந்து முதல் தடவை. வாயில் வைக்க முடியவில்லை, ஆனாலும் நல்லா இருக்குதுங்க என்று சொல்லித்தான் குடித்தாள். இந்த நேரம் பார்த்தா இப்படி ஒரு சேதி வர வேண்டும்?

மாதேஸ்வரன் வந்து உட்கார்ந்தான். களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து வாயில் போட்டவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"குழம்புல என்ன புள்ள போட்ட?"

"கீரைதானுங்க."

இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தான். தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தான். புஷ்பலதாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"நர்ஸம்மா கூப்புட்டு உட்டாங்களா?"

மறைக்க இனி என்ன இருக்கிறது? தலையை ஆட்டினாள்.

"ஏனுங்க, சத்தியமா நான் ஒரு தப்பும்..."

மாதேஸ்வரன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

"அடிவாரத்து ஆஸ்பத்திரில எனக்கும் இதேதான் சொன்னாங்க. என்ற பங்கு மாத்திரையை வெள்ளிக்கிழமையே முழுங்கிட்டேன் புள்ள. உன்ற பங்கைத்தான் காப்பில கலந்து குடுத்தேன்."