நாலு பொட்டு

மூன்றாவது பொட்டை நிக்கத் ஒட்டும்போது ஆனந்தராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“இருங்கண்ணா, முடிச்சிடறேன்” என்று கையைக் காட்டினாள்.

புடவையில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அது அவள் கொண்டுவந்த வழக்கம். நெற்றியில் பொட்டே வைக்காத பெண் எதற்கு அட்டை அட்டையாகப் பொட்டு வாங்குகிறாள் என்று ஃபேன்ஸி ஸ்டோர்க்காரருக்கு இன்னும் விளங்கவில்லை.

அடியில் விளக்கு வைத்த கண்ணாடி மேசையும் அவள் யோசனைதான். நெசவாளிகள் நெய்து கொண்டுவரும் பட்டுப் புடவையை அதன்மேல் விரித்தால் எதுவும் மறையாது. அவளுடைய அப்பா ஜான் பாஷா கடையைப் பார்த்துக்கொண்ட காலத்தில் ஆளின் முகத்தைப் பார்த்தே புடவைக்குத் தீர்ப்பு சொல்லிவிடுவார். மகள் கைக்கு வந்த பிறகு அந்தக் கதையெல்லாம் கிடையாது. யாராக இருந்தாலும் சரக்கைப் பார்த்துத்தான் பேச்சு. இதை அவளே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

இன்றைக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கஷ்டமானது.

வியாபாரம் படுத்துவிட்டது. கடைக்கு நெய்கிற தறிகளில் ஒன்றுக்கு இந்த மாதம் பாவு நூல் கொடுக்க முடியாது. பாவு இல்லையென்றால் தறி சும்மா கிடக்கும். ஆனந்தராஜும் அவர் மனைவியும் மாறி மாறி உட்காருவது ஒரே தறியில்தான். அது நின்றால் வீட்டில் வேறு வழி இல்லை.

நிறுத்தப்போகும் தறி எது என்பது அவள் மனசில் ஏற்கெனவே இருந்தது. இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, கடைசியாக ஒரு புடவையைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

ஆனந்தராஜ்மேல் அவளுக்குப் பகை ஒன்றும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் எண்ணெய்க் கறையோடு ஒரு புடவை கொண்டுவந்தார். அன்றிலிருந்து அவர் புடவை என்றாலே அவள் கண்ணுக்கு ஒரு கூர்மை வந்துவிடும். தேடுவாள், கிடைக்கும். கிடைத்ததும், நான்தான் அப்போதே நினைத்தேனே என்று இருக்கும்.

இன்னொரு நெசவாளி முனிசாமி விஷயம் வேறு. அவர் புடவையை விரித்தாலே அவளுக்கு மனசு குளிர்ந்துவிடும். பொட்டு அட்டையைத் தொடவே தோன்றாது.

காலையில் ஆனந்தராஜ் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பையை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் பையில் மேலாக இருந்ததை அவளே எடுத்து விரித்துவிட்டாள்.

நாலாவது பொட்டு முந்தானையில் ஒட்டியது.

“ஏம்மா, அது வந்து...”

“எத்தினி தபா சொல்றதுண்ணா? இங்க ஊடை நூல் நெருக்கமா விழல, கோடு தெரியுது. கரையில ஜரிகை தூக்கிக்கினு இருக்குது. ஒண்ணு ரெண்டுன்னா பரவால்ல, நாலு. தப்பா நெனைக்காதீங்க, இந்த மாசம் உங்க தறிக்குப் பாவு கிடையாது.”

நன்றாகத்தான் சொன்னோம் என்று அவளுக்கே தோன்றியது. குரலை உயர்த்தவில்லை, காரணத்தோடு சொல்லியாயிற்று.

ஆனந்தராஜ் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என்னுது இன்னும் பையிலதாம்மா இருக்குது. இது முனிசாமியோடது. ஜுரத்துல படுத்துக்கினு இருக்காரு, குடுத்துடுன்னு என்னாண்ட குடுத்தாரு. வந்ததுலேர்ந்து அதைத்தாம்மா சொல்ல வரேன்.”

ஒரு கல்யாண வீட்டுக்காகத் தறிக்கு ஒன்றாகக் கொடுத்த ஆர்டர் அது. எல்லாம் ஒரே அரக்கு நிறம், ஒரே கரை. பார்த்து ஆளைச் சொல்ல முடியாது.

நிக்கத் மறுபடி குனிந்தாள்.

முனிசாமியா?

அந்தக் கோடு அப்படியொன்றும் பெரிதில்லை. இஸ்திரி போட்டால் போய்விடும். ஜரிகை மடிப்பில் தூக்கியிருக்கும், அதற்கு அவர் என்ன செய்வார். பாவம், ஜுரத்தோடு நெய்திருக்கிறார்.

ஆனந்தராஜ் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் பார்க்கிறார் என்று அவளும் பார்த்தாள்.

அவளுடைய கட்டைவிரல் நகம் பொட்டை உரித்துக்கொண்டிருந்தது. ரெண்டு ஏற்கெனவே போயிருந்தன.

கை அப்படியே நின்றது. காது மடலெல்லாம் சுட்டது. கடைக்கு நடுவில் நிற்கவைத்து யாராவது திட்டியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. இந்த மூன்று வருஷத்தில் இவருக்கு முன்னால் எத்தனை பொட்டு ஒட்டியிருப்பாள். இவருக்காக ஒன்றையாவது உரித்திருக்கிறாளா?

மன்னிப்பு கேட்கத்தான் நினைத்தாள்.

அதற்குள் ஆனந்தராஜ் முனிசாமியின் புடவையைச் சுருக்கம் விழாமல் மடித்து ஓரமாக வைத்தார். பையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் கண்ணாடிமேல் விரித்தார்.

“இதையும் பார்த்துட்டு, யார் தறிக்குப் பாவு இல்லைன்னு சொல்லுங்கம்மா.”

இந்தத் தடவை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று நிக்கத் நினைத்துக்கொண்டாள். உண்மையாகவே நினைத்தாள். கரையில் ஓர் இடத்தில் அவள் பார்வை போய் நின்றது. அது குறைதானா, இல்லை தன் கண்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

அவள் குனிந்ததைப் பார்த்ததும், எப்போதும் செய்கிற மாதிரி, ஆனந்தராஜ் பொட்டு அட்டையை எடுத்து அவள் கைக்கு எட்டும்படி வைத்தார்.